எல்லாமே பொய்யென்று எழுது

செவ்வாய்க்கிழமை காலை பத்து பதினெட்டு. லிஃப்ட் மெக்கானிக் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே, கேபினின் கூரைமேல் குந்தியிருந்தார். இடுப்பு பெல்ட்டின் கொக்கி சுவரிலிருந்த இரும்பு வளையத்தில் மாட்டியிருந்தது. மாட்டுவதற்கு முன் வளையத்தை இரண்டு முறை இழுத்துப் பார்த்திருந்தார். மூன்று வருடமாக அப்படித்தான்.

போன் அடித்தது. தெரியாத எண். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

மகள் படிக்கும் பள்ளியின் மேற்படிப்பு ஆலோசகர் பேசினார். அம்மாவின் எண்ணுக்கு மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லையாம்.

“வேலை நேரத்துல அவ போன் லாக்கர்ல இருக்கும் மேடம். துணிக்கடையில தையல் பிரிவு. என்கிட்ட சொல்லுங்க.”

“நீங்க யாரு, மாமாவா?”

“அப்பா.”

லைன் போய்விட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

“சொந்த அப்பாவா?”

“வாடகைக்கு யாரும் கிடைக்கலை மேடம். நான்தான்.”

ஆலோசகர் சிரிக்கவில்லை. “சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு பல்கலைக்கழகத்துல சேர எழுதின கட்டுரையில, நீங்க இறந்து மூணு வருஷம் ஆச்சு.”

மெக்கானிக் மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எப்படிச் செத்தேன்?”

“லிஃப்ட் வேலை பாக்கும்போது. மேலேருந்து விழுந்து.”

அவர் கீழே பார்த்தார். ஆறு மாடி இருட்டு.

“கொஞ்சம் உடனே வர முடியுமா சார்? இதுல இன்னொரு பொண்ணும் மாட்டிக்கிட்டிருக்கா.”

மொட்டை மாடியில் மோட்டார் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஏறி மின்சாரத்தை நிறுத்தினார். ஆணியில் தொங்கிய பதிவேட்டில் நேரம் எழுதி, ‘வேலை பாதியில் நிற்கிறது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். கீழே காவலாளி வழிமறித்தார். “எப்ப ஓடும்? மூணாம் மாடி அம்மா என்னைப் போட்டு வறுத்தெடுக்குது.”

“நான் செத்துட்டேனாம். விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்.”

*

ஆலோசகரின் அறையில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. மேசையில் இரண்டு கட்டுரைகள். ஒன்று மெக்கானிக்கின் மகள் எழுதியது. இன்னொன்று நெட்டையின் மகள் எழுதியது.

நெட்டை என்றுதான் எல்லாக் கட்டடத்திலும் அவருக்குப் பெயர். மெக்கானிக்குக்கு அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. கூட வேலை பார்த்தவர், பதினோரு வருடம். ஒருவர் மெஷின் ரூமில் நின்றால் இன்னொருவர் கேபின்மேல் நிற்பார். மூன்று வருடத்துக்கு முன் கேபின்மேல் நின்றவர் நெட்டை. அவருக்கு ஒரே மகள், மெக்கானிக்கின் மகளைவிடச் சில மாதம் மூத்தவள். இதே பள்ளி, இதே வகுப்பு, வேறு பிரிவு.

“ரெண்டு கட்டுரையிலயும் அதே விபத்து” என்றார் ஆலோசகர். “அதே ஒன்பதாவது மாடி. திறக்காத சாப்பாட்டு டப்பா மெஷின் ரூம்ல இருந்ததுகூட ரெண்டுலயும் இருக்கு. உங்க பொண்ணோடது நாலாம் தேதி போயிருக்கு. அந்தப் பொண்ணோடது பன்னெண்டாம் தேதி. அப்ப பின்னால வந்ததுதான் காப்பின்னு பல்கலைக்கழகத்துல முடிவுக்கு வந்துட்டாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள விளக்கம் வரலைன்னா அந்தப் பொண்ணு விண்ணப்பத்தை மூடிடுவாங்க. இந்த வருஷம் மட்டும் இல்ல. காப்பின்னு ஒரு தடவை பதிஞ்சா மத்த பல்கலைக்கழகத்துக்கும் போயிடும்.”

“செத்தது அவ அப்பா.”

“அது எனக்கு இன்னிக்குத்தான் சார் தெரியுது. ரெண்டு பேருக்குமே அப்பா இல்லைன்னு நினைச்சு, யாரு பொய் சொல்றாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் உங்க வீட்டுக்கு அடிச்சேன்.” அவர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். “இன்னொண்ணும் இருக்கு. இப்பல்லாம் கட்டுரைக்குக் கீழ ஒரு கேள்வி வரும். ஏஐ உதவி எடுத்தீங்களா, எடுத்திருந்தா எப்படின்னு. உங்க பொண்ணு ‘இல்லை’ன்னு போட்டிருக்கா. அந்தப் பொண்ணு ‘ஆம்’னு போட்டு, அதுகூட பேசினதை எல்லாம் பதினோரு பக்கம் சேர்த்து அனுப்பியிருக்கா. இவ்வளவு வெகுளியாவா ஒரு பொண்ணு இருப்பா? ‘ஆம்’னு போட்டதும் அவங்களுக்குச் சந்தேகம் உறுதியாயிடுச்சு.”

மெக்கானிக் அந்தப் பதினோரு பக்கத்தை எடுத்தார். முதல் வரி நெட்டையின் மகள் தட்டியது. ‘எனக்காக எதுவும் எழுத வேண்டாம். படிப்பவருக்குப் புரியாத இடத்தில் கேள்வி மட்டும் கேள்.’

ஏஐ கேட்டிருந்தது. மெஷின் ரூம் என்றால் என்ன? டப்பாவைப் பிறகு யார் திறந்தார்கள்? ஏழாவது பக்கத்தில் ஒன்று: ‘உங்கள் அப்பா பெல்ட்டை மாட்ட மறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அங்கே இருந்தீர்களா?’

‘இல்லை. அறிக்கையில் அப்படி இருக்கிறது’ என்று பெண் பதில் எழுதியிருந்தாள்.

கட்டுரையில் அந்த வரியை அவளே மாற்றியிருந்தாள். ‘என் அப்பா பெல்ட்டை மாட்ட மறந்தார் என்று அறிக்கை சொல்கிறது. நான் பார்க்கவில்லை.’

மெக்கானிக் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

மகளின் கட்டுரையை எடுத்தார். பாதி வரிகளில் வானம் இருந்தது. ‘வானத்துக்கும் பூமிக்கும் இடையே தன் வாழ்வைத் தொங்கவிட்ட மாமனிதர் என் தந்தை.’ மெக்கானிக்கை இதுவரை யாரும் மாமனிதர் என்று சொன்னதில்லை. செத்தபிறகுதான் வாய்த்தது. ‘அவருடைய கடைசி மூச்சு எனக்குள் ஒரு பொறியாளரைப் பிறப்பித்தது.’ பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார்.

மூன்றாவது பத்தியில் வானம் இல்லை. நான்கே வரி.

‘அவர் பெல்ட்டை மாட்டியிருந்தார். சுவரிலிருந்த வளையம் துருப்பிடித்திருந்தது. அதை மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதி வைத்திருந்தார்கள். வளையம் போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.’

அந்த நான்கு வரியை அவர் இரண்டாம் முறை படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை. மாற்றச் சொல்லிப் பதிவேட்டில் எழுதியவர் அவர்தான். ‘இன்னிக்கு ஒரு நாள் தாங்கும்டா’ என்று சொல்லி ஏறியவர் நெட்டை. அடுத்த வாரம் அந்த மெஷின் ரூமின் ஆணியில் புதுப் பதிவேடு தொங்கியது. பழையது எங்கே போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி அறிக்கையைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்தார். ‘பெல்ட்டை மாட்டத் தவறியதால்’ என்று இருந்தது. ‘துருன்னு தெரிஞ்சே ரெண்டு பேரும் ஏன் ஏறினீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ? யோசிச்சுக்கோ’ என்றார். மெக்கானிக் யோசித்தார். அறிக்கையை முழுதாகப் படித்தார். சாட்சி என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து சமையலறையில் மனைவியிடம் மட்டும் சொன்னார். மகளுக்கு அப்போது பதினான்கு வயது. ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“சார்?” ஆலோசகர் குரலைத் தணித்தார். “ஒரு வழி இருக்கு. உங்க பொண்ணுக்கு நேர்முகத்துக்கே அழைப்பு வந்தாச்சு. நம்ம பள்ளியிலயே இந்த வருஷம் அவளுக்கு மட்டும்தான். அந்தப் பொண்ணு வேற ஏதாவது தலைப்புல புதுசா எழுதிக் குடுத்துட்டா, தேதி குழப்பம்னு சொல்லிச் சமாளிச்சிடலாம். அவளுக்கும் ஒரு வாய்ப்பு. நமக்கும் பேரு கெடாது.”

“அவ எதைப் பத்தி எழுதணும் மேடம்?”

“ஏதாவது. பொழுதுபோக்கு, நூலகம்...”

மெக்கானிக் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “அவ அப்பன் செத்ததை என் பொண்ணு எழுதுவா. அவ பொழுதுபோக்கைப் பத்தி எழுதணும். எந்த ஊரு நியாயம் மேடம் இது? படிச்சவங்கதானே நீங்க?”

“சத்தம் போடாதீங்க சார், பக்கத்துல வகுப்பு நடக்குது.”

“நடக்கட்டும். கேக்கட்டும்.”

ஆலோசகர் நாற்காலியை எடுத்து நிறுத்தினார். “அப்ப உங்க பொண்ணு ஒப்புதல் கடிதம் குடுக்கணும். கட்டுரை பொய்னு அவ கையால எழுதணும். நீங்க கையெழுத்துப் போடணும். அந்தப் பொண்ணோட அம்மாவும் படிச்சு, சரின்னு கையெழுத்துப் போடணும். ரெண்டு குடும்பமும் போட்டாத்தான் ஏத்துப்பாங்க. ஆனா அந்தக் கடிதம் போச்சுன்னா உங்க பொண்ணு கதை முடிஞ்சுது சார். அதையும் யோசிச்சுக்கோங்க.”

யோசித்துக்கொள் என்று இரண்டாவது முறையாக அவரிடம் ஒருவர் சொல்கிறார்.

“யோசிக்க ஒண்ணும் இல்ல” என்றார்.

*

மகள் ஐந்து மணிக்கு வந்தாள். அப்பா அந்நேரம் வீட்டில் இருப்பதைப் பார்த்ததுமே முகம் மாறியது. பையைக் கழற்றாமல் நின்றாள்.

“உக்காரு. செத்தவன் பேசுறேன், உக்காந்து கேளு.”

அவள் உட்காரவில்லை. மேசையில் கிடந்த கட்டுரை நகலைப் பார்த்தாள்.

“பெரியப்பா சாவை ஏன் எடுத்த?”

“முதல்ல எடுக்கலைப்பா. முதல்ல உங்களைப் பத்தித்தான் எழுதினேன். லீவு நாள்ல உங்ககூட மெஷின் ரூமுக்கு வருவேனே. பதிவேட்டை எடுத்து வச்சுப் படிச்சுட்டிருப்பேனே. அதை எழுதினேன்.”

“அதுக்கென்ன குறைச்சல்?”

“ஏஐகிட்ட குடுத்து எப்படி இருக்குன்னு கேட்டேன். தெளிவா இருக்கு, ஆனா திருப்புமுனை இல்லைன்னுச்சு.” அவள் குரல் உடைந்தது. “நிஜமாவே இல்லப்பா. உங்க வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலை. காலையில போறீங்க, ரிப்பேர் பாக்குறீங்க, வர்றீங்க.”

“செத்திருந்தா வசதியா இருந்திருக்கும்.”

“அப்பா...”

“மேல சொல்லு.”

“பெரியப்பா கதையைச் சொன்னேன். மனசைத் தொடுற மாதிரி எழுதித் தான்னு கேட்டேன். அதுதான் பெரியப்பாவை அப்பாவா மாத்திடுச்சு. நேரடியா இருந்தா அழுத்தம் கூடும்னு சொல்லிச்சு. நான் மாத்தச் சொல்லலை.”

“வந்ததைப் படிச்சியா?”

“படிச்சேன்.”

“அப்பன் உயிரோட இருக்கான்னு அப்ப தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் அனுப்பின.”

“நல்லா இருந்துச்சுப்பா.”

கை ஓங்கிவிட்டது. அவர் அதைத் திருப்பிச் சுவரில் அறைந்தார். காலண்டர் கீழே விழுந்தது. மகள் ஒதுங்கவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. அது அவருக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது.

“மெஷின் மேல பழியைப் போடாத. நான் பாக்காம கேபினை இறக்கி ஒருத்தன் காலு நசுங்கினா, நான் இல்ல சார், லிஃப்ட்தான் நசுக்குச்சுன்னு சொல்ல முடியுமா? விட்டுடுவானா? கீழ ஒரு கேள்வி இருந்துச்சே, உதவி எடுத்தியான்னு. அதுல ‘இல்லை’ன்னு போட்டது யாரு? அதுவா?”

“நான்தான்.”

“ஏன்?”

“எல்லாரும் அப்படித்தான்பா போடுறாங்க. ‘ஆம்’னு போட்டா சந்தேகப்படுவாங்க.”

“ஆமா. ‘ஆம்’னு போட்டவளைத்தான் சந்தேகப்படுறாங்க. நீ முந்திக்கிட்டதால, அவ அப்பனை அவளே உன்கிட்டேருந்து திருடிட்டாளாம். வெள்ளிக்கிழமையோட அவ விண்ணப்பத்தை மூடுறாங்க.”

இது மகளுக்குத் தெரியாது. அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். பை முதுகிலேயே இருந்தது.

“அவளும் இதைத்தான் எழுதினாளா?”

“வேற எதை எழுதுவா? அவகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்.”

பிறகு மகள் தானாகவே கேட்டாள். “என்ன செய்யணும்?”

“கடிதம் எழுது.”

அவள் மடிக்கணினியை இழுத்துத் திறந்தாள். விரல் பழக்கத்தில் ஓடியது. அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். ‘பல்கலைக்கழகத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தா. தொனி’ என்பதுவரை தட்டியிருந்தாள்.

மெக்கானிக் கணினியைப் பட்டென்று மூடினார். விரல் நசுங்காதது அதிர்ஷ்டம்.

“மன்னிப்பையும் அதுகிட்டயா கேக்குற? தப்பு பண்ணினது நீ. வருத்தப்பட அது வரணுமா? அதுக்கு என்ன வருத்தம்?”

“தெரியாம வந்துடுச்சுப்பா.” இப்போதுதான் அவள் அழுதாள். “கை தானா போயிடுச்சு.”

காகிதமும் பேனாவும் எடுத்து முன்னால் வைத்தார். அவள் எழுதினாள். அடித்தாள். இரண்டாவது தாள், மூன்றாவது தாள். வெகுநேரம் கழித்து நான்கு வரி தேறியது. ‘என் அப்பா உயிரோடு இருக்கிறார். இறந்தவர் என் அப்பாவோடு வேலை பார்த்தவர். அவருடைய மகள் எழுதியதுதான் உண்மையான கட்டுரை. என்னுடையதை ஏஐ எழுதியது, இல்லை என்று நான் பொய் சொன்னேன்.’

மோசமில்லை. வானம் இல்லாமல் எழுத அவளுக்கு வரும்.

“இன்னொரு வரி போடு” என்றார். “என் கட்டுரையில இருக்கிற எல்லாமே பொய்னு எழுது.”

பேனா நின்றது. மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“அந்த வளையம்...”

“எழுதுன்னா எழுது.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் குனிந்து காலண்டரை எடுத்து ஆணியில் மாட்டப் போனார். ஆணி வளைந்திருந்தது, நிற்கவில்லை. பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

அடியில் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுத்தான் போட்டார்.

மனைவி ஏழு மணிக்கு வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. அவர் சொல்லச் சொல்ல நின்றபடியே கேட்டாள். மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. கட்டுரையை வாங்கிப் படித்தாள், கடிதத்தையும் படித்தாள். பிறகு அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

“அண்ணி கண்ணுல அந்தப் பத்தி பட்டா?”

“படாது. கடிதம் மட்டும்தான் கொண்டு போறேன்.”

“மூணு வருஷமா அண்ணன் கவனக்குறைவா செத்தார்னு அந்தப் பொண்ணு நினைச்சுட்டு இருக்கு.”

“இப்ப அவளுக்குச் சீட்டு முக்கியமா, வளையம் முக்கியமா?”

“அவளுக்குன்னு சொல்லாதீங்க” என்றாள் மனைவி. “உங்களுக்குன்னு சொல்லுங்க.”

“நீயும்தானே வாயை மூடிட்டு இருந்த?”

“இருந்தேன். அதனாலதான் அவளைத் திட்ட எனக்கு வாய் வரலை. உங்களுக்கு எப்படி வருதுன்னு பாத்துட்டிருக்கேன்.”

அவள் குழாயை மூடினாள். பாத்திரம் எதுவும் கழுவப்படவில்லை.

*

நெட்டையின் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. லிஃப்ட் இல்லாத கட்டடமாகத் தேடித்தான் நெட்டை குடி வந்திருந்தார். ‘வீட்டுக்கு வந்தும் அந்தச் சனியனைப் பாக்கணுமா?’ என்பார். புதன்கிழமை மாலை மெக்கானிக்கும் மகளும் படியேறினார்கள். மகள் இரண்டு படி பின்னால் வந்தாள். ‘நீதான் குடுக்கணும். நீதான் பேசணும்’ என்று வழியில் நாலு முறை சொல்லியிருந்தார். ஐந்தாவது முறை சொல்ல வாயெடுத்தபோது கதவு வந்துவிட்டது.

நெட்டையின் மனைவி திறந்தாள். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை, சீருடையை இன்னும் மாற்றவில்லை.

“வாங்க தம்பி. வழி தெரிஞ்சுதா? மூணு வருஷத்துல படி கூடிடுச்சோன்னு நினைச்சேன்.”

“வேலை அண்ணி. நிக்க நேரமில்லை.”

“ஆமா, ஊர்ல லிஃப்ட்டெல்லாம் உங்க ஒருத்தரை நம்பித்தான் ஏறி இறங்குது. உக்காருங்க.”

உள்ளறையிலிருந்து நெட்டையின் மகள் வந்தாள். அப்பாவின் உயரம். நிலைக்கு ஒரு சாண்தான் மிச்சம். மெக்கானிக்கின் மகளைப் பார்த்தாள். சின்ன வயதில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

மகள் உட்காராமல் கடிதத்தை நீட்டினாள். “அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன். உன் கட்டுரைதான் நிஜம்னு எழுதியிருக்கேன். என்னை...”

நெட்டையின் மகள் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். “நேத்து முழுக்க எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நான்தான் பைத்தியம் மாதிரி யாரோ அப்பாவை என் அப்பான்னு சொல்லிட்டிருக்கேனோன்னு. விளக்கம் எழுதச் சொல்றாங்க. எங்கப்பா செத்ததுக்கு நான் என்ன விளக்கம் எழுத?”

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

“மன்னிச்சிடு அக்கா.”

“உனக்குக் கதை வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே. நானே சொல்லியிருப்பேனே. உன் பெரியப்பாதானே?”

“விடும்மா” என்றாள் நெட்டையின் மனைவி. “வீடு தேடி வந்து சொல்லிட்டா. இதுல நான் கையெழுத்துப் போடணுமா தம்பி? ஆலோசகர் மேடம் போன்ல சொன்னாங்க. பேனா எங்க?”

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வேகமாக நீட்டினார். “இங்க அண்ணி. என் பேருக்குக் கீழ.”

“அம்மா, இரு.”

நெட்டையின் மகள் கடிதத்தைக் கொடுக்கவில்லை. “படிக்காம போடாத. படிச்சுட்டுப் போடு.”

“நீயே படி. கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியலை.”

பெண் சத்தமாகப் படித்தாள். ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்தி. ஐந்தாவது வரிக்கு வந்தாள். ‘என் கட்டுரையில் இருக்கும் எல்லாமே பொய்.’

இன்னொரு முறை அதையே படித்தாள். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு தாள்கள். ஒன்று மகளின் கட்டுரை. விளக்கம் கேட்டபோது பல்கலைக்கழகமே அவளுக்கு அதை அனுப்பியிருந்தது. மெக்கானிக் இதை நினைத்துப் பார்க்கவில்லை. மூன்றாவது பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தது. இன்னொரு தாள் பழுப்பேறியது. மடிப்பு மடிப்பாக இருந்தது. விபத்து அறிக்கை, மேலே கம்பெனி முத்திரை தெரிந்தது. அதன் அடியில் இருந்த கையெழுத்தை அவர் பார்க்க வேண்டியதே இல்லை.

நெட்டையின் மனைவி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றாள். மெக்கானிக்கின் நீட்டிய கையில் பேனா அப்படியே இருந்தது.

நெட்டையின் மகள் பென்சில் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

“மத்ததெல்லாம் பொய்னு எனக்கே தெரியும். அப்பா பெல்ட்டை மாட்டியிருந்தார், வளையம்தான் பிடுங்கிக்கிச்சுன்னு இங்க இருக்கே. இதுவும் பொய்தானா, சித்தப்பா?”